கடற்பாசியும் நான் சொன்ன ஒரு சொல்லும்

நோன்பு மாதத்தில் அஸர் தொழுதுவிட்டு எங்கள் ஊர்த் தெருவால் நடந்து வந்தால், எந்த வீட்டில் என்ன காய்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். ஒரு வீட்டில் கஞ்சிக்கு வெந்தயமும் இஞ்சியும் கொதிக்கும். அடுத்த வீட்டில் பட்டீஸ் பொரியும். ஆனால் வாசனையே இல்லாத ஒரு பண்டம் எல்லா வீடுகளிலும் சத்தமில்லாமல் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். அதுதான் கடற்பாசி. மஃரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் அடுத்துப் பிள்ளைகளின் கை போவது அந்தத் தட்டுக்குத்தான்.

இந்தக் கடற்பாசியைப் பற்றி எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இதைப் பற்றி நான் பிழையாகப் பேசினேன். அந்தப் பிழைக்கு என் சொந்த ராத்தா விலை கொடுத்தார். அதைச் சொல்லாமல் இதன் நற்குணங்களை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. முதலில் பாசியைப் பற்றிச் சொல்லி, பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

நம் களப்பின் செல்வம்

நான் கற்பிட்டிப் பக்கத்தைச் சேர்ந்தவன். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே கிடக்கும் களப்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். கடைகளில் வெள்ளை நார்போல விற்கப்படுவதைக் கடற்பாசி என்று வாங்கும் பல சகோதரிகளுக்கு, இது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது என்பது வியப்பாக இருக்கலாம். விஞ்ஞானிகள் கிரசிலாரியா என்று அழைக்கும் இந்த இனம், சிப்பியையும் கல்லையும் பற்றிக்கொண்டு ஆழமில்லாத நீரில் வளர்கிறது. மரம் செடிகளைப் போல வேரால் சத்தை உறிஞ்சுவதில்லை. உடல் முழுவதாலும் கடல்நீரிலிருந்தே உணவை எடுத்துக்கொள்கிறது. இதனுள் இருக்கும் சிவப்பு நிறப்பொருள் தண்ணீருக்குள் இறங்கி வரும் நீல, பச்சை ஒளியைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. உயிரோடு இருக்கும்போது ஊதாவும் கபிலமும் கலந்த மங்கிய நிறம். வெயில் பட்டால் அந்த நிறம் கழன்று வெளுத்துவிடும்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருந்து நூல்களில் இதற்கு ஓர் இடம் இருந்தது. ‘சிலோன் மொஸ்’, அதாவது இலங்கைப் பாசி என்று அதற்குப் பெயர் வைத்து, புத்தளம் கற்பிட்டிக் களப்பில் இது நிறைய விளைகிறது என்று எழுதி வைத்தார்கள். தென்மேல் பருவக்காற்றில் நீர் கலங்கும்போது பிடிவிட்டு மிதக்கும் பாசியை ஊரார் சேர்ப்பார்கள். பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் காய வைப்பார்கள். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி மறுபடியும் வெயிலில் போடுவார்கள். அதனால் அது வெண்மையாகிவிடும். நோயாளிகளுக்கு இலகுவான ஆகாரமாக இதைக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்று அந்த நூல்கள் சொல்லின.

எங்கள் உம்மம்மா அந்த நூல்களைக் கண்டவரல்ல. ஆனால் அவர் செய்ததும் அதே வேலைதான். கூரைமேல் விரித்த பழைய பாயில் பாசி காயும். காகம் வராமல் பார்க்க நான் காவல் இருப்பேன். “உப்பு வாசம் போற வரைக்கும் கழுவு மகன். கடல் வாசம் இருந்தா மேசைக்கு வரக்கூடாது” என்பார்.

இக்கரையில் மட்டுமல்ல, அக்கரையில் இராமநாதபுரம் மாவட்டத்திலும் பெண்களே இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். பாறையிலும் பவளத்திலும் கை கிழியும் தொழில் அது. நம் வடக்குக் கரையோரத்திலோ கப்பாபைகஸ் என்ற இன்னொரு சிவப்புப் பாசி அண்மைக் காலமாகக் கயிற்றில் கட்டி வளர்க்கப்படுகிறது. அதிலிருந்து கிடைப்பது கராஜினன் என்ற வேறொரு கூழ்ப்பொருள். நாம் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசி அல்ல.

அடுப்படியிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

பாசியைக் கொதிக்க வைத்தால் வெளிவரும் கூழ்ப்பொருளுக்கு உலகம் முழுவதும் அகார் என்று பெயர். அது மலாய்ச் சொல். இதன் இயல்பை அல்லாஹ் விசித்திரமாக அமைத்திருக்கிறான். கரைய வேண்டுமானால் ஏறத்தாழ 85 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். உறைவதோ 40 பாகைக்குக் கீழே இறங்கிய பின். ஒருமுறை உறைந்துவிட்டால் நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தாலும் உருகாது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்திலும் நம் மூத்தம்மாமார் கடற்பாசி காய்ச்சியதன் இரகசியம் இதுதான்.

இந்த இயல்பு மருத்துவ உலகத்துக்கே பேருதவி செய்தது. அதைச் செய்தவரும் ஒரு குடும்பப் பெண்ணே. 1881இல் ஜெர்மனியில் வோல்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். ஜெலட்டின் கூழில் கிருமிகளை வளர்த்தால் சூட்டுக்கு அது உருகிவிடும். சில கிருமிகள் ஜெலட்டினையே கரைத்துத் தின்றுவிடும். அவர் சலித்திருந்தபோது அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் வீட்டுப் பழக்கூழ் வெயில் காலத்திலும் ஏன் உருகாமல் நிற்கிறது என்பதைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த அயலவர் ஒருவரிடம் அவர் அகார் சமையலைக் கற்றிருந்தார். கணவர் அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். புகழ்பெற்ற ரொபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். அந்தப் பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் சளியையும் சிறுநீரையும் சோதிப்பவர்கள் அகார் தட்டில்தான் கிருமியை வளர்க்கிறார்கள். அடுப்படி அறிவை இலேசாக எண்ணாதீர்கள் சகோதரிகளே.

இதில் நம் வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. அது பன்றியிலிருந்தும் வரலாம், மாட்டிலிருந்தும் வரலாம், மீனிலிருந்தும் வரலாம். முழுமையாக உருமாறிய பொருளின் சட்டம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆனால் கடலுணவை ஆகுமாக்கியிருக்கும் மார்க்கத்தில், கடற்பாசியைப் பற்றி நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. கடையில் ஜெலி பக்கட் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 406 என்ற எண் அகாரைக் குறிக்கும். 407 கராஜினன். இரண்டும் பாசியிலிருந்து வருபவை. ஜெலட்டின் என்று எழுதியிருந்தால், எதன் ஜெலட்டின் என்று கேட்பது உங்கள் உரிமை.

நான் பேசிய பேச்சு

இனி என் கதை. 2016ஆம் ஆண்டு நோன்பில், எங்கள் ஊர் மத்ரஸாவில் பெண்களுக்கான வகுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு வியாபாரி என் கையில் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தந்தார். கடற்பாசி சீனி வருத்தத்தைக் குணமாக்கும், கொலஸ்ட்ரோலைக் கரைக்கும், தைராய்ட்டைச் சரிசெய்யும், முழங்கால் வலியைப் போக்கும் என்று அதில் இருந்தது. அன்றைய பாடம் அல்லாஹ்வின் அருட்கொடைகள். பொருத்தமாக இருக்கிறதே என்று அந்தப் பிரசுரத்தை அப்படியே வாசித்து, “சீனி வருத்தக்காரர் இதைத் தினமும் சாப்பிட்டால் மருந்தே தேவைப்படாது” என்று என் பங்குக்கு ஒரு வசனத்தையும் சேர்த்தேன். ஹதீஸ் ஒன்றைச் சொல்வதானால் அறிவிப்பாளர் யார், அவர் நம்பகமானவரா என்று ஏழு வருடம் ஓதியவன் நான். அந்தப் பிரசுரத்தின் அறிவிப்பாளர் யார் என்று நான் கேட்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் என் ராத்தாவும் ஒருவர். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். காலையும் இரவும் மாத்திரை போடுபவர். பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டது என்று அடிக்கடி சொல்வார். அன்று வீட்டுக்குப் போனவர் மாத்திரையை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். தம்பி சொன்னது போதாதா? அதுவும் மௌலவித் தம்பி! தினமும் ஒரு தட்டுக் கடற்பாசி காய்ச்சினார். டின்பால் ஊற்றி, சீனி போட்டு, ரோஸ் நிறம் சேர்த்து, வழக்கமாகச் செய்வதைப் போலவே.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் மருமகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். காலில் சிப்பி குத்திய சிறு காயம். குத்தியதே ராத்தாவுக்குத் தெரியவில்லை. காயம் கறுத்து நாற்றமெடுத்த பிறகுதான் கண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 386. “மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க? யார் சொன்னது?” என்று டொக்டர் கேட்டார். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். ராத்தா என்னைப் பார்க்கவேயில்லை. “நானாத்தான் நிறுத்தினேன் டொக்டர்” என்றார்.

வலது காலின் சின்ன விரலை எடுத்தார்கள். மற்றவை பிழைத்தன, அல்ஹம்துலில்லாஹ். வார்டில் தனியாக இருந்தபோது, “ஏன் ராத்தா என் பேரைச் சொல்லல்ல?” என்று கேட்டேன். “உன்ட பேர அங்க ஏன் தம்பி சொல்லணும்? நாளைக்கு நீ பயான் பண்ணப் போற ஆள்” என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் அந்த இரவு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

உண்மையில் என்ன இருக்கிறது?

அதன் பிறகுதான் நான் கேட்கத் தொடங்கினேன். கிளினிக் டொக்டரிடம் கேட்டேன், நூல்களைப் பார்த்தேன். நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அகார் பெரும்பாலும் நார்ச்சத்து. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. அதனால் அகாரிலிருந்து மட்டும் நமக்குச் சக்தியும் கொழுப்பும் கிடைப்பது மிகச் சொற்பம். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் மலச்சிக்கலுக்கு நல்லது. நோன்பு காலத்தில் தண்ணீர் குறைந்து வயிறு இறுகுபவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். வயிறு நிறைந்த உணர்வையும் தரும். ஜப்பானில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் பருத்த, சீனி வருத்தம் அல்லது அதன் தொடக்கநிலை உள்ள 76 பேரைப் பார்த்தார்கள். 12 வாரம் உணவுக் கட்டுப்பாட்டோடு அகாரும் சாப்பிட்டவர்களுக்கு, கட்டுப்பாடு மட்டும் செய்தவர்களைவிட எடை கூடுதலாகக் குறைந்திருந்தது. கவனியுங்கள், அவர்கள் சாப்பிட்டது சீனிப் பாகும் டின்பாலும் கலந்த கடற்பாசி அல்ல. மாத்திரைக்குப் பதிலாகவும் அல்ல.

சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைய என்பார்கள். உலர்ந்த அகார் 100 கிராமில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் கல்சியமும் 20 மில்லிகிராம் இரும்பும் இருப்பது உண்மை. ஆனால் 100 கிராம் யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு லீற்றருக்கு 10 கிராம் போடுகிறோம். பத்துப் பேர் சாப்பிடுகிறோம். ஆளுக்கு ஒரு கிராம். அதில் கல்சியம் 6 மில்லிகிராம்தான். ஒரு கிளாஸ் பாலில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே பாசியில் பால் ஊற்றிக் காய்ச்சும்போது எலும்புக்குப் பலம் தருவது பாலே தவிரப் பாசி அல்ல.

அயடினும் அப்படியே. கடலில் வளரும் பாசியில் அயடின் உண்டு. ஆனால் இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அளவு மாறும். கழுவி, வெளுத்து, காய்ச்சி எடுத்த அகாரில் அதில் பெரும்பகுதி போய்விடும். நம் நாட்டின் தென்மேற்குப் பகுதிகளில் கழலை நோய் பரவலாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதற்காகத்தான் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. தைராய்ட் வருத்தம் உள்ளவர்கள் பாசியை நம்பி மருந்தைக் கைவிட வேண்டாம்.

இனிச் சீனிக் கணக்கு. ஒரு லீற்றர் கடற்பாசிக்கு 200 கிராம் சீனி போட்டால் ஆளுக்கு 20 கிராம், நாலு தேக்கரண்டி. அதற்கு மேல் ஒரு டின்பால் ஊற்றினால், டின்பாலில் பாதிக்கு மேல் சீனி என்பதால், ஆளுக்கு இன்னுமொரு 20 கிராம் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலின்படி, சுகதேகியான ஒருவரே சேர்க்கப்பட்ட சீனியை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது. ராத்தா தினமும் மருந்தென்று நினைத்துச் சாப்பிட்ட தட்டில் என்ன இருந்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

எப்படிக் காய்ச்சலாம்?

எங்கள் வீட்டில் இப்போது செய்யும் முறை இது. 10 கிராம் கடற்பாசியைக் கழுவி, சிறிதாக வெட்டி, அரை லீற்றர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஒரு துண்டு கறுவாப்பட்டை, இரண்டு ஏலம், ஒரு முழத்தில் பாதி ரம்பை இலை போட்டுச் சிறு தீயில் காய்ச்சுங்கள். நார் ஒன்றும் தெரியாமல் முற்றாகக் கரைய வேண்டும். அவசரப்பட்டால் அடியில் திரி திரியாக நிற்கும். வடிகட்டி, தனியே சூடாக்கிய அரை லீற்றர் பாலைச் சேருங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால் கட்டி கட்டியாக உறைந்துவிடும். இனிப்புக்கு இரண்டு மேசைக்கரண்டிச் சீனி போதும். பழுத்த மாம்பழத் துண்டோ, பேரீச்சம்பழமோ சேர்த்தால் அதுவும் வேண்டியதில்லை. தேசிக்காய் பிழிவதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள். புளிப்போடு கொதித்தால் பாசி இறுகாது. பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலட்டினை உறைய விடாது. கடற்பாசியை ஒன்றும் செய்யாது.

சில எச்சரிக்கைகள். உலர்ந்த பாசியையோ பாசித் தூளையோ அப்படியே விழுங்கக் கூடாது. தொண்டையில் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து அடைத்துவிடும். சிறு பிள்ளைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் பொடிப் பொடியாக வெட்டிக் கொடுங்கள். மாத்திரை போடுபவர்கள் நார்ச்சத்தை நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போடாமல் சற்று இடைவெளி விடுவது நல்லது. கரையில் ஒதுங்கும் பாசியைப் பறித்துப் பச்சையாகத் தின்னாதீர்கள். 1991இல் பசுபிக் கடலில் உள்ள குவாம் தீவில், இந்தக் கிரசிலாரியாவுக்கு உறவான ஒரு பாசியைச் சாப்பிட்ட 13 பேர் நஞ்சேறி நோயுற்றார்கள். அவர்களில் 3 பேர் இறந்தார்கள். கழிவு நீர் கலக்கும் இடத்துப் பாசி அந்த அழுக்கையும் உறிஞ்சி வைத்திருக்கும். இப்போது தொலைபேசியில் போத்தல் போத்தலாக விளம்பரம் வரும் பாசிக் கூழ்களைப் பார்க்கும்போது, என் கையில் தரப்பட்ட அந்தப் பிரசுரம்தான் நினைவுக்கு வருகிறது.

சீனி வருத்தம் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நோன்பு பிடிக்க முடியுமா, மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்பதை நோன்பு வருவதற்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்குச் சலுகை தந்த மார்க்கம் இது. மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் துண்டுப் பிரசுரத்துக்கும் இல்லை, என் போன்ற மௌலவிக்கும் இல்லை.

திரும்பிச் சென்ற வகுப்பு

ராத்தா வீடு வந்த வாரம் நான் மறுபடியும் அந்த வகுப்புக்குப் போனேன். “போன நோன்பில் கடற்பாசியைப் பற்றி நான் சொன்னது பிழை. யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால் இன்றே கிளினிக் போங்கள்” என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் நீண்ட அமைதி. பிறகு வயதான ஒரு மாமியின் குரல் வந்தது. “நாங்க ருசிக்குத்தான் திண்டோம் மௌலவி. மருந்துக்குத் திண்டவங்க யாரெண்டு தேடிப் பாருங்க” என்றார். தேடிப் பார்த்தோம். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரையும் மறுநாளே கிளினிக்குக்கு அனுப்பினோம்.

இந்த நோன்பிலும் ராத்தா வீட்டில் கடற்பாசி காய்கிறது. பாங்கு சொன்னதும் முதலில் மாத்திரைப் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். தட்டிலிருந்து சின்னதாக இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். “இது மருந்தில்ல தம்பி, சாப்பாடு. நல்லாச் சாப்பிடு” என்பார். நான் சாப்பிடுவேன். அந்தக் காலைப் பார்க்காமல் சாப்பிட எனக்கு இன்னும் பழகவில்லை.

அறியாததைப் பேசிய என் நாவை அல்லாஹ் மன்னிப்பானாக. உங்கள் வீடுகளில் உள்ள நோயாளிகளுக்கு அவன் பூரண சுகத்தைத் தருவானாக.